காலுக்கு ஒரு மீட்டர்

என் தம்பிக்கு ஐம்பத்தொரு வயசு. அதுல இருபத்தாறு வருஷத்தை அடுத்தவங்க வீட்டு மீட்டரை அண்ணாந்து பார்த்தே ஓட்டிட்டான். மின்சார ஆபீஸ்ல ரீடிங் எடுக்கிற வேலை. தோள்ல ஒரு பை, கையில ஒரு சின்ன மெஷின், கால்ல குதிகால் தேய்ஞ்ச ஷூ, ஒரு நாளைக்கு இருநூறு வீடு. கல்யாணம் பண்ணிக்கலை. ஏன்டான்னு கேட்டா, "தினமும் இருநூறு வீட்டுல திட்டு வாங்குறேன். இருநூத்தி ஒண்ணாவது எதுக்கு?"ன்னு கேப்பான். அந்தப் பதிலைக் கேட்டு நான் சிரிச்சேன்னு வெச்சுக்கோங்க, அதோட பேச்சை முடிச்சுடுவான். அதனால நான் சிரிக்கிறதை நிறுத்தியே இருபது வருஷம் ஆச்சு.

வேலையில மட்டும் பயங்கரக் கறார். கரண்ட் திருடுறவங்களைப் பிடிக்கிறதுல அவனை மிஞ்ச ஆள் கிடையாது. மீட்டரைத் திறக்க மாட்டான், வயரைத் தொட மாட்டான். பழைய நம்பரை மட்டும் பார்ப்பான். "நூத்தி இருபது, நூத்தி இருபது, நூத்தி இருபது. மனுஷன் வாழுற வீட்டுல நம்பர் ஏறும் இறங்கும் அக்கா. மக பிள்ளையைத் தூக்கிட்டு வந்தா ஏறும். புருஷன் பொண்டாட்டி பேசிக்கலைன்னா இறங்கும். ஒரே நம்பர்ல நிக்குதுன்னா எவனோ கை வெச்சிருக்கான்." இப்படிச் சொல்லிட்டு ஏதோ பெரிய துப்பறியும் புலி மாதிரி டீயை உறிஞ்சுவான்.

கால் உடைஞ்ச கதையைக் கேளுங்க. நாய் துரத்தி விழுந்தான், லாரி இடிச்சு விழுந்தான்னு சொல்லிக்கக்கூட வழியில்லாத மாதிரி விழுந்தான். நாப்பத்தஞ்சு வயசுலயே அவனுக்குப் பக்கத்துல இருக்கிற எழுத்து மங்க ஆரம்பிச்சாச்சு. கண்ணாடி போடுடான்னு ஆறு வருஷமா கரடியா கத்தினேன். ஐயாவுக்குக் கௌரவம் இடிக்குது. மீட்டர் நம்பர் தெரியலைன்னா ஒரு அடி பின்னால போவான். இன்னும் தெரியலைன்னா இன்னொரு அடி. அன்னைக்கு அந்த மீட்டர் இருந்தது மாடிப்படித் திருப்பத்துல. மூணாவது அடிக்குப் பின்னால தரை இல்லை.

ஏழு படி உருண்டு, வலது முழங்காலுக்குக் கீழே இருக்கிற ரெண்டு எலும்பும் போச்சு. அந்த வீட்டுக்காரம்மா அலறிக்கிட்டு ஓடி வந்திருக்காங்க. கீழே கிடந்தபடியே இவன் என்ன சொன்னான் தெரியுமா? "நாலாயிரத்து முன்னூத்திப் பதினெட்டு. எழுதி வெச்சுக்கோங்கம்மா, மறந்துடுவேன்." இதை அந்தம்மா ஆஸ்பத்திரியில என்கிட்ட சொன்னப்போ எனக்கு அழுகையும் வந்துது, அவனை இன்னொரு படி உருட்டி விடணும்னும் வந்துது. மறுநாளே ஒரு கண்ணாடி வாங்கிட்டுப் போய் படுத்துக் கிடந்தவன் மூக்குல மாட்டிட்டேன். கால்ல கம்பியோட எந்திரிச்சு ஓட முடியாதே, அதனால போட்டுக்கிட்டான்.

அவன் குடியிருக்கிறது மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. என் வீடு தரைத்தளம். ஆஸ்பத்திரியில இருந்து நேரா இங்கேதான் கூட்டிட்டு வந்தேன். நான் மருந்துக்கடையில கவுண்டர்ல நிக்கிறவ, காலையில பத்துக்குப் போனா சாயங்காலம் ஏழு. என் வீட்டுக்காரருக்கு அச்சகத்துல வேலை. அவர் ஒரு நாளைக்கு மொத்தமா பதினஞ்சு வார்த்தை பேசினா அதிகம், அதுல பாதி "ம்". ஆக, பகல் பூரா வீட்டுல தம்பி தனியா. என்ன பெருசா நடந்துடப் போகுதுன்னு நினைச்சேன்.

ஆறு வாரம் கழிச்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு நல்லா கூடிடுச்சு, இனிமே காலை ஊன்றி நடக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். அடுத்து பிசியோ அறைக்கு அனுப்பினாங்க. அங்கே ஒரு சின்னப் பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருக்கும். என்னை "ஆன்ட்டி"ன்னு கூப்பிட்டா. அதை நான் பெரிய மனசு பண்ணி விட்டுட்டேன். தீப்பெட்டி அளவுல ரெண்டு கறுப்புப் பெட்டியை எடுத்து அவன் ரெண்டு கணுக்கால்லயும் பட்டையால கட்டினா. ஷூவுக்குள்ளே மெல்லிசா ஒரு அட்டையைப் போட்டா. "சார், இது சென்சார். நீங்க எத்தனை அடி நடக்கறீங்க, எந்தக் கால்ல எவ்வளவு எடை போடறீங்க, எல்லாத்தையும் எண்ணும். உங்க போன்லயும் தெரியும், எனக்கும் வந்துடும். முழிச்சிருக்கிற நேரம் எல்லாம் கட்டியிருக்கணும்."

தம்பி குனிஞ்சு அந்தப் பெட்டியையே பார்த்தான். "அப்போ என் கால்ல மீட்டர் மாட்டிட்டீங்க"ன்னான்.

"ஆமா சார், அப்படியே வெச்சுக்கோங்க."

முகம் சுண்டிப் போச்சு. அத்தனை வருஷமா அடுத்தவன் வீட்டுச் சுவத்துல பார்த்ததைத் தன் கால்லயே பார்த்தா யாருக்குத்தான் பிடிக்கும்? நான் அன்னைக்கு விழுந்து விழுந்து சிரிச்சேன்.

சிரிப்பு மறுநாளே நின்னு போச்சு. அவன் ஆபீஸ்ல இருந்து கடிதாசு வந்தது. பதினாலாவது வாரம் மருத்துவக் குழு முன்னால வந்து நிக்கணும். உடைஞ்ச கால் நூத்துக்கு நாப்பத்தஞ்சு பங்கு எடையாவது தாங்கணும், அதுக்கு இந்தப் பெட்டி எடுக்கிற கணக்கையும் கொண்டு வரணும். தேறலைன்னா இனிமே தெருவுக்கு அனுப்ப மாட்டாங்க, ரிட்டையர் ஆகிற வரைக்கும் புகார் கவுண்டர்தான். சம்பளம் ஒண்ணும் குறையாது. "உக்கார்ந்த இடத்துல சம்பளம், கசக்குதா?"ன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவனுக்கு வீடுன்னு சொல்லிக்க பொண்டாட்டி பிள்ளை கிடையாது, அந்த இருநூறு வீட்டு வாசல்தான். யார் வீட்டுல யாருக்குப் பரீட்சை, யார் வீட்டுல யாருக்கு வாயுத் தொல்லை, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அதை எடுத்துட்டா அவன்கிட்ட மிச்சம் என்ன இருக்கு? எனக்கு அது தெரியும். இருந்தும் வாய் சும்மா இருந்துதா?

முதல் வாரம் நம்பர் கேவலமா இருந்தது. இடது கால் எழுபத்திரெண்டு, வலது கால் இருபத்தெட்டு. பயப்படாதீங்க ஏறும்னு பிசியோ பொண்ணு சொன்னா. ரெண்டாவது வாரம் பாருங்க, ஏறுச்சு. ஐம்பது, ஐம்பது. ஒரே தாவல். நான் மருந்துக்கடையில இருந்த அத்தனை பேர்கிட்டயும் பீத்திக்கிட்டேன். "என் தம்பி ஒரு நாளைக்கு ஆறாயிரம் அடி நடக்கிறான், ரெண்டு காலும் சரிசமம்"னு சொன்னப்போ மூட்டுவலி மாத்திரை வாங்க வந்த ஒரு பெரியவர் பெருமூச்சு விட்டார்.

அதே வாரத்துல இன்னொரு அதிசயமும் நடந்தது. கடையில இருந்து வந்து பார்த்தா, கிழிஞ்சு கிடந்த தலையணை உறை எல்லாம் தைச்சு மடிச்சு வெச்சிருக்கு. "நீயாடா தைச்சே?"ன்னா, "சும்மாதானே இருக்கேன் அக்கா"ன்னான். என்கிட்ட ஒரு பழைய தையல் மெஷின் இருக்கு, கால்ல மிதிக்கிறது. அதுல உக்கார்ந்து அடிச்சிருக்கான். மறுநாள் கைக்குட்டை எல்லாத்துக்கும் ஓரம். அதுக்கு மறுநாள் கரித்துணிக்கும் ஓரம். கரித்துணிக்கு ஓரம் அடிச்ச வீடு இந்த உலகத்துலயே என் வீடு ஒண்ணுதான் இருக்கும். எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். வந்ததா? பேராசைதான் வந்தது. ரெண்டு வருஷமா வாங்கி வெச்சிருந்த ஜன்னல் துணியை எடுத்து நீட்டி, "இதையும் கர்ட்டனா அடிச்சுடு"ன்னேன். என் வீட்டுக்காரர் கர்ட்டனைப் பார்த்துட்டு, "நேரா இருக்கு"ன்னார். அவர் வாயில இருந்து ரெண்டு வார்த்தைப் பாராட்டு வாங்குறது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

ஒன்பது நாள் இப்படிப் போச்சு. பத்தாவது நாள் எனக்குக் கடை லீவு. பிசியோ பொண்ணு முன்னறிவிப்பு இல்லாம வந்து வாசல்ல நின்னா, கையில ஒரு லேப்டாப். வந்தவ ஹாலை மேலேயும் கீழேயும் பார்த்தா. இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவத்துக்குக் கால்ல அளந்தா. பதினோரு அடி வெச்சு நின்னா.

"ஆன்ட்டி, சார் எங்க நடக்கிறார்?"

"இங்கேதான், வீட்டுக்குள்ளே."

"நேத்து மத்தியானம் ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் ஆறாயிரம் அடி நடந்திருக்கார். ஒரு தடவைகூடத் திரும்பலை. பதினோரு அடிக்கு ஒரு தடவை சுவர் வருதே, சுவத்துக்குள்ளே பூந்து போனாரா?"

தம்பி குனிஞ்சு கணுக்கால் பட்டையைச் சரி பண்ணினான்.

"சார், உங்க எடை என்ன?"

"எழுபத்தெட்டு."

"உங்க ஷூவைப் போட்டு ஒன்பது நாளா நடந்தவருக்குப் பன்னிரண்டு கிலோதான் எடை. வீட்டுல குழந்தை ஏதாவது இருக்கா?"

எங்க வீட்டுல குழந்தையும் இல்லை, குட்டியும் இல்லை. என் கண்ணு தானா தையல் மெஷின் பக்கம் போச்சு. அந்தப் பொண்ணு கண்ணும் அங்கே போச்சு. மெஷினோட மிதிபலகை ஒண்ணே ஒண்ணு, அதுல ரெண்டு பாதமும் பக்கத்துல பக்கத்துல. ஒண்ணு ஏறினா இன்னொண்ணும் ஏறும், ஒண்ணு இறங்கினா இன்னொண்ணும் இறங்கும். ஐம்பது, ஐம்பது. ஐயா காலாட்டிக்கிட்டே உக்கார்ந்து ஆறாயிரம் அடி நடந்திருக்கார்! வெட்டியா மிதிச்சா ஊசி சும்மா குத்துதேன்னு மனசு கேக்காம கையில கிடைச்ச துணியை எல்லாம் அதுக்குக் கீழே கொடுத்திருக்கார். என் கர்ட்டன் அப்படி வந்ததுதான்.

"அடப்பாவி! ஊர்ல உள்ள திருடனை எல்லாம் பிடிச்சவன் நீ! ஒரே நம்பர்ல நின்னா மாட்டிக்குவோம்னுகூடவா தோணலை?"

"தோணுச்சு அக்கா. ரெண்டு நாள் குறைச்சுப் பார்க்கலாம்னு நினைச்சேன். பலகையில ஒரு கால் மட்டும் குறையவே மாட்டேங்குது"ன்னான், தலையைக் குனிஞ்சுக்கிட்டே.

அந்தப் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டு சிரிப்பை அடக்கினா. எனக்கு மண்டை சூடேறிப் போச்சு. நான் பீத்தின பீத்தல் எல்லாம் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்தது. அடுக்கி வெச்ச வசவை எல்லாம் எடுத்து விடப் போனேன், அப்போதான் அவன் கையைப் பார்த்தேன். நாற்காலிப் பிடியை இறுக்கிப் பிடிச்சிருந்தான், விரல் எல்லாம் வெளுத்துப் போய் இருந்தது.

"காலை ஊன்ற முடியலை அக்கா. வலியில்லை, வலிச்சா பொறுத்துக்குவேன். ஒடைஞ்சப்போ ஒரு சத்தம் கேட்டுச்சு பாரு, காஞ்ச குச்சி ஒடியுற மாதிரி. அது என் உடம்புக்குள்ளே இருந்து வந்துச்சு. ஒவ்வொரு தடவை வலது காலைக் கீழே வைக்கும்போதும் இப்போ கேக்கும் இப்போ கேக்கும்னு இருக்கு. உன்கிட்ட சொன்னா நீ சிரிப்பே."

சிரிச்சிருப்பேன். அதான் உண்மை. அந்த நிமிஷம் என் மேலேயே எனக்கு எரிச்சலா வந்தது. ஐம்பத்தொரு வயசுல தம்பி கண்ணு கலங்கி நிக்கிறதைப் பார்க்கிற கொடுமை எந்த அக்காவுக்கும் வரக் கூடாது. உள்ளே போய் மூணு டீ போட்டேன், ஒண்ணுல சக்கரை போட மறந்துட்டேன். அது பிசியோ பொண்ணுக்குப் போச்சு. பாவம், மிச்சம் வைக்காம குடிச்சா.

குடிச்சு முடிச்சுட்டு அவ சொன்னா: "சார், இந்த ஒன்பது நாளை நான் அழிக்க மாட்டேன். யாருக்கும் போன் பண்ணியும் சொல்ல மாட்டேன். இருக்கிறபடி இருக்கும். இனிமே வர்றது உண்மையா வரட்டும், எவ்வளவு கேவலமா இருந்தாலும் பரவாயில்லை. இன்னும் அஞ்சு வாரத்துக்கு மேல இருக்கு. வெளியில நடங்க."

"சும்மா எப்படிம்மா நடக்கிறது? வேலையே இல்லாம போறதும் வர்றதும், பைத்தியக்காரன் மாதிரி?"

"அப்போ வேலை பாரு!"ன்னேன். கோபத்துல சொன்னதுதான். ஆனா சொன்னதும் நல்லாத்தான் பட்டது. எங்க தெருவுல நாப்பத்திரெண்டு வீடு. மீட்டர் எல்லாம் வெளிவாசல் பக்கம். "லீவுல இருக்கே, எழுத வேண்டாம். ஒவ்வொரு வாசல்லயும் நின்னு நம்பரை மட்டும் பார்த்துட்டு வா. நானும் வர்றேன்."

மறுநாள் காலையில ஏழு மணிக்கு ஊர்வலம் கிளம்பினோம். ஒரு கையில ஊன்றுகோல், இன்னொரு கை என் தோள்ல. முதல் நாள் நாலு வீடு. நாலு வீட்டுக்கு முக்கால் மணி நேரம். நாலாவது வீட்டுல என் தோள்பட்டை கழண்டு விழுந்துடும் போல இருந்தது. வலது காலை அவன் கீழே வெச்ச லட்சணத்துக்கு, தரை கொதிக்குதோன்னு யாரும் நினைச்சிருப்பாங்க. போன்ல பார்த்தோம்: எழுபத்தொண்ணு, இருபத்தொன்பது.

தெருவுல பீதி கிளம்பிடுச்சு. கால் உடைஞ்ச ரீடிங்காரர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு தினமும் காலையில வந்து மீட்டரை முறைச்சுப் பார்த்துட்டு ஒண்ணுமே எழுதாம போனா ஜனங்க என்ன நினைப்பாங்க? ஒரு அம்மா, "இனிமே தினசரி பில்லா?"ன்னு கேட்டு அழுற நிலைமைக்கு வந்துட்டாங்க. மூலை வீட்டுக்காரர் மூணாவது நாள் ஏணி போட்டு ஏறி மேலே எதையோ அவசரமா கழட்டிக்கிட்டு இருந்தார். எங்களைப் பார்த்ததும், "ஒட்டடை அடிக்கிறேன்"ன்னார். தம்பி கண்ணாடிக்கு மேலால பார்த்து, "நல்லா சுத்தமா அடிச்சுடுங்க"ன்னான். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவன் முகத்துல ஒரு களை வந்தது.

ஒரு பழைய நோட்டு எடுத்துக்கிட்டான். வீட்டு நம்பர் எழுதுறதுக்கு இல்லை, தன் கால் நம்பரை எழுத. தேதி, இடது, வலது. முப்பத்தொண்ணு. முப்பத்தி நாலு. மழை பெய்ஞ்ச அன்னைக்கு முப்பது. பாதிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கிட்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடின ஒரு பொண்ணுக்கு வழிவிட்டு ஒதுங்கின அன்னைக்கு முப்பத்தேழு. ஊன்றுகோலை விட்டான். என் தோளையும் விட்டான். நாப்பத்திரெண்டு வீடும் போயிட்டு வர ஆரம்பிச்சான். நம்பர் ஏறுச்சு, இறங்குச்சு, ஏறுச்சு. நாப்பத்தொண்ணுல வந்து மாட்டிக்கிச்சு. கடைசிப் பத்து நாளும் நாப்பது, நாப்பத்தொண்ணு, நாப்பது, நாப்பத்தொண்ணு. நாலே நாலு பங்கு. அந்த நாலு எங்கே போய் ஒளிஞ்சுக்கிச்சோ தெரியலை.

குழுவுக்கு மூணு நாள் இருக்கும்போது எனக்குத் தாங்கலை. கடையில நின்னுக்கிட்டு எண்ணி எண்ணிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "டேய், மூணு நாளும் ஒரு அரை மணி நேரம் மட்டும் மெஷின்ல உக்காரு. நிஜ நடையோட கொஞ்சம் கலந்துட்டா சராசரி நாப்பத்தஞ்சுக்கு வந்துடும்"னேன். என்னை அடிக்க வந்துடுவானோன்னு இருந்தது.

"உனக்கு வெக்கமா இல்லையா அக்கா? இத்தனை வருஷத்துல ஒருத்தனுக்கும் ஒரு யூனிட் கூட்டி எழுதினதில்லை, குறைச்சு எழுதினதில்லை. என் காலுக்குன்னு வந்ததும் திருடிட்டேன். அதை நினைச்சு நினைச்சு சோறு இறங்கலை. நீ மறுபடியும் கூப்பிடுறே."

பிறந்ததுல இருந்து அவன் என்கிட்ட குரல் உயர்த்தினது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே இறக்கி, "அவன் சொல்றது சரி"ன்னார். மூணு வார்த்தை, அதுவும் என் தம்பி பக்கம். நான் போய் தையல் மெஷின் மேல ஒரு போர்வையைப் போட்டு மூடினேன்.

குழு உக்கார்ந்தது ஒரு அரசாங்கக் கட்டடத்துல ரெண்டாவது மாடியில. ஒரு டாக்டர், பக்கத்துல தம்பியோட ஆபீஸ் அதிகாரி. அந்த அதிகாரிக்கு ஆபீஸ்ல எல்லாரும் வெச்சிருக்கிற பேர் கொட்டாவி. நாங்க உள்ளே போனப்போ பேருக்கு ஏத்த வேலையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தார். துணைக்கு வந்தவங்கன்னு என்னையும் ஓரமா உக்கார விட்டாங்க.

டாக்டர் ஃபைலைத் திறக்கவே இல்லை. "அந்தக் கதவுல இருந்து இந்த மேஜை வரைக்கும் நடங்க"ன்னார். தம்பி நடந்தான். ஒன்பது அடி. லேசா சாய்ஞ்சு நடந்தான், ஆனா நடந்தான். டாக்டர் பேனா மூடியைக் கழட்டினார். "சரி, வேலைக்குப் போகலாம்"னு காகிதத்துல கை வெச்சார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவுதானா? பெட்டியும் பட்டையும் சென்சாரும் லேப்டாப்பும் படாத பாடு படுத்தினதெல்லாம் இந்த ஒன்பது அடிக்குத்தானா? வாயை மூடிக்கிட்டு வெளியே போனா போதும்.

"சார்"ன்னான் தம்பி. "ரீடிங் பார்க்கலையே."

நான் இருந்த இடத்துல இருந்து எட்டி அவன் முதுகுல கிள்ளினேன். சட்டையோட சேர்த்து நல்லா நிமிண்டினேன். அசையலையே!

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன ரீடிங்?"

"கால் ரீடிங் சார். நாப்பத்தஞ்சு வேணும்னு எழுதியிருக்கு. எனக்கு நாப்பத்தொண்ணுதான்."

டாக்டர் ஃபைலைத் திறந்தார். பக்கத்தைத் திருப்பினார். நெத்தியைச் சுருக்கினார். "இது என்ன, நடுவுல ஒன்பது நாள் ஐம்பது இருக்கு, அப்புறம் திடீர்னு இருபத்தொன்பதுக்கு விழுது? மறுபடியும் விழுந்தீங்களா?"

"இல்லை சார். அந்த ஒன்பது நாள் நான் திருடின ரீடிங். தையல் மெஷின்ல உக்கார்ந்து மிதிச்சது."

கொட்டாவி பாதியில நின்னு போச்சு. அதிகாரி வாயை மூடிக்கிட்டு நேரா உக்கார்ந்தார். "பொய் ரீடிங் கொடுத்தா நம்ம ஆபீஸ்ல என்ன பண்ணுவாங்கன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் சார். நானே ரெண்டு பேரைப் பிடிச்சுக் கொடுத்திருக்கேன்."

நான் எந்திரிச்சு நின்னுட்டேன். "சார், மெஷின் என்னோடது! கர்ட்டன் அடிக்கச் சொன்னதும் நான்தான்!"னு கத்தினேன். எதுக்குக் கர்ட்டனைச் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கலை. டாக்டர் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். தோள் குலுங்கினதுல இருந்து சிரிக்கிறார்னு தெரிஞ்சுது. ரொம்ப நேரம் கழிச்சுத் திரும்பி, அதிகாரிகிட்ட மெதுவா என்னமோ பேசினார். அப்புறம் எழுதினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்துல போடலை. எட்டு வாரம் புகார் கவுண்டர். எட்டு வாரம் கழிச்சு மறுபடி வரணும், அப்பவும் நாப்பத்தஞ்சு இல்லைன்னா கடைசி வரைக்கும் கவுண்டர்தான். சம்பந்தப்பட்டவர் தானா வந்து சொன்னதால மேல்நடவடிக்கை வேண்டாம்.

வெளியே வந்ததும் நான் அவன் கூடப் பேசலை. பேசினா கொலை விழும். கையில வந்து விழுந்த கையெழுத்தை வாயாலேயே தட்டி விட்டுட்டான். நேரா லிஃப்டுக்குள்ளே போய்க் கதவை மூடிக்கிட்டேன், நீ எப்படியோ வான்னு. கீழே வந்து நின்னா ஆளைக் காணோம். அஞ்சு நிமிஷம். லிஃப்ட் ரெண்டு தடவை வந்து போச்சு, அவன் இல்லை. நிமிர்ந்து பார்த்தா படியில வந்துக்கிட்டு இருக்கான்.

உருண்டு விழுந்த நாளுக்கு அப்புறம் அவன் படின்னு ஒண்ணுல காலே வெச்சதில்லை. கைப்பிடியையும் பிடிக்கலை. ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, ஏதோ தனக்குத்தானே முணுமுணுத்துக்கிட்டு, ஒவ்வொரு படியா இறங்கினான். வலது கால் படார்னு முழுசா படியில உக்கார்ந்தது. அப்புறம் இடது. மறுபடி வலது. பின்னால நாலு பேர் வழி கேட்டு நின்னாங்க, அதுகூட அவனுக்குத் தெரியலை. 'கைப்பிடியைப் பிடிடா'ன்னு கத்த வாயைத் திறந்தேன். கத்தலை. எங்கே என் குரல் கேட்டு அவனுக்குக் கால் ஞாபகம் வந்துடுமோன்னு பயமா இருந்தது. கவனம் வேற பக்கம் இருந்தா கால் தன் வேலையைத் தானே பார்த்துக்கும்னு பிசியோ பொண்ணு அப்புறமா எனக்கு விளக்கினா. அப்போ எனக்கு விளக்கம் எதுவும் தெரியாது, மூச்சை அடக்கிக்கிட்டு நின்னேன்.

கீழே வந்து சேர்ந்ததும்தான் தான் எப்படி வந்தோம்னே அவனுக்குப் புரிஞ்சுது. திரும்பி மாடியைப் பார்த்தான். போனை எடுத்தான், கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டான். படி இறங்கின கணக்கை எடுத்து என்கிட்ட நீட்டினான்.

நாப்பத்தாறு.

நான் ஒரு தடவைக்கு மூணு தடவை பார்த்தேன். கோபம் எல்லாம் எங்கே போச்சுன்னே தெரியலை. "டேய், நாப்பத்தாறுடா! அவங்க இன்னும் மேலேதான் இருக்காங்க. வா, இப்பவே போய்க் காட்டுவோம். காகிதத்தைக் கிழிச்சுட்டு வேற எழுதச் சொல்லுவோம். வாடா!"ன்னு அவன் கையைப் பிடிச்சு இழுத்தேன்.

அவன் நின்ன இடத்தை விட்டு நகரலை. சிரிச்சான்.

"முப்பத்தாறு படி அக்கா. ஒரு நாள் ரீடிங்கை வெச்சு எவனாவது பில் போடுவானா?"

அந்த இடத்துலயே அவனை நாலு சாத்து சாத்தணும்னு இருந்தது. கட்டிப் பிடிச்சு ஓன்னு அழணும்னும் இருந்தது. ரெண்டுல எதைப் பண்றதுன்னு நான் முடிவு பண்றதுக்குள்ளே அவன் நோட்டை எடுத்து நாப்பத்தாறுன்னு எழுதி மூடிட்டு, பஸ் ஸ்டாப் பக்கம் நடக்க ஆரம்பிச்சுட்டான். நான் பின்னாலயே ஓட வேண்டியதாப் போச்சு.